பழைய ரயில் தடத்தில் கிராவல் சைக்கிள்: ஒயிட் பீக் சுண்ணாம்பு மலைக்கு ஆயத்தம்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் உள்ள ஒயிட் பீக் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே 1960-களில் மூடப்பட்ட ரயில் பாதைகள் மூன்று இன்று சைக்கிள் தடங்களாக இருக்கின்றன. மண், கல் பாதைக்கென அகல டயர் போட்ட கிராவல் சைக்கிளுக்கு ஏற்ற தடங்கள். கிரோம்ஃபோர்டு அருகிலிருந்து பக்ஸ்டன் பக்கமுள்ள டௌலோ வரை ஹை பீக் டிரெயில், 27 கிலோமீட்டர் சொச்சம். ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை டிஸ்ஸிங்டன் டிரெயில், 21 கிலோமீட்டர். பேக்வெல் பக்கம் வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் மான்சல் டிரெயில், 13.7 கிலோமீட்டர். முதல் இரண்டும் பார்ஸ்லி ஹேயில் சேர்கின்றன.

ரயில் பாதைதானே, சமதளமாக இருக்கும் என்று எண்ணி வருபவர்கள் ஹை பீக்கில் திணறுகிறார்கள். இரண்டு கால்வாய்களை இணைக்க 1830, 31-இல் திறக்கப்பட்ட பாதை அது. கால்வாய் போலவே திட்டமிடப்பட்டது. நெடுந்தூரம் மட்டமாகப் போகும், பிறகு கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகு இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்தான சரிவு வரும். அந்தச் சரிவுகளில் பெட்டிகளை நீராவி எந்திரம் கயிறு கட்டி இழுத்தது. 1829-இல் செய்த எந்திரம் மிடில்டன் டாப்பில் இன்றும் நிற்கிறது. எந்திரத்துக்கு விட்ட வேலையை இனி உங்கள் கால்கள் செய்ய வேண்டும்.

கியர்

கிரோம்ஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கிக் கால்வாய்க்கரையோரமாக வந்தால், தடம் தொடங்கியதுமே ஷீப் பாஸ்ச்சர் சரிவு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். எட்டு ஒன்பது அடி போனால் ஓர் அடி ஏறும். சற்று மட்டமான தூரத்துக்குப் பிறகு மிடில்டன் சரிவு: நீளம் குறைவு, ஏற்றம் 12 சதவீதம். செயின் ஓடும் முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் 42 பல் என்றால், நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம். ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ என்று வைத்தால், புவியீர்ப்பை வெல்ல மட்டுமே சுமார் 220 வாட் வேண்டும். பழக்கமில்லாத கால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். முன்னால் 34, பின்னால் 42 போட்டால் அதே மிதிக்கு சுமார் 180 வாட் போதும். எனவே முன் பல்லை 34-க்கு மேல் வைக்காதீர்கள். சரிவில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பொடியில் வழுக்கிச் சுற்றும். இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, உட்கார்ந்தபடியே ஏறுங்கள்.

மேலே, ஹாப்டன் அருகே 14-க்கு 1 என்ற ஏற்றம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பார்ஸ்லி ஹே வரை நிம்மதி.

டிஸ்ஸிங்டன் வேறு ரகம். ஆஷ்போர்னிலிருந்து வடக்கே 200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது, ஆனால் சராசரி ஒரு சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம், ஓய்வே தராது. காரணம் புரியாமல் பலர் பிரேக் உரசுகிறதோ என்று சக்கரத்தைச் சோதிப்பார்கள். ஒரு பல் இலேசான கியரில், சீரான மிதியில் போனால் போதும். ஆஷ்போர்னை விட்டதும் பாலம் அகற்றப்பட்ட ஓர் ஓடைப் பள்ளம் வரும். அங்கே இறங்கி உடனே ஏற வேண்டும், முன்கூட்டியே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டயரும் காற்றும்

தடத்தின் மேற்பரப்பு நொறுக்கி இறுக்கிய சுண்ணாம்புக்கல். காய்ந்த நாளில் கோலமாவு போல மென்மையாக உருளும். தடத்தோடு நிறுத்திக்கொள்வதானால் 38 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் போதும். நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு முடிச்சுகளும் உள்ள வகை நல்லது. பக்கத்து குதிரைப் பாதைகளிலும் நுழைவதானால் 45 போடுங்கள். அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள் செர்ட் என்ற கடினமான கல் படிந்திருக்கும். உடைந்தால் கத்தி போல் விளிம்பு. அது டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும்.

75 கிலோ ஆளுக்கு 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் முன்னால் 30, பின்னால் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று தொடங்குங்கள். எடையில் 5 கிலோ கூடினால் ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள். டியூப் போட்டிருந்தால் இன்னும் 5 கூட்ட வேண்டும், இல்லையெனில் கேட்டுகளின் கல் வாசலிலும் வடிகால் கல்லிலும் ரிம் இடித்து டியூபில் பாம்புக்கடி போல இரட்டை ஓட்டை விழும். டயருக்கு 80 முதல் 90 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள். ஒரு உதிரி டியூப், பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒட்டும் துண்டு, பம்ப் இவை கட்டாயம். ஆஷ்போர்னை விட்டுப் போனால் வழியில் சைக்கிள் கடைகள் மிகக் குறைவு.

வெள்ளைக் குழம்பு

மழை பெய்ததும் கல்பொடி வெள்ளைக் குழம்பாகி வண்டி முழுக்கத் தெறிக்கும். அது வெறும் சேறல்ல, அரைக்கும் பசை. பிரேக் பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே புகுந்து, மென்மையான ஆர்கானிக் பேடை ஒரே மழை நாளில் தேய்த்துவிடக்கூடும். ஈரமான பருவத்தில் உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேடு போடுங்கள். சத்தம் வரும், ஆனால் தாங்கும். செயினுக்கு மெழுகு வகை நல்லது. பிசுபிசுப்பான எண்ணெய் பொடியைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும்.

பயணம் முடிந்ததும் காய்வதற்குள் மெல்லிய நீர்த்தாரையில் கழுவுங்கள். காய்ந்தால் சுவரில் அடித்த சுண்ணாம்பு போல ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீருக்கு அசையாது. வெந்நீரும் சோப்பும் ஊறவைத்து, தூரிகையால் எடுக்க வேண்டும். புளிப்பான வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் செயினையும் அரிக்கும், அதைத் தொடாதீர்கள். பேரிங்கை நோக்கி அழுத்தத் தாரை அடிப்பதும் தவறு.

தண்ணீர்

இந்தப் பீடபூமியில் மழைநீர் கல் வெடிப்புகள் வழியே உள்ளே போய்விடும். மேலே ஓடை கிடையாது. 1.5 லிட்டர் கொண்டுபோங்கள். பள்ளத்தாக்கில் ஊற்று தென்பட்டாலும் குடிக்க வேண்டாம், இது பழைய ஈயச் சுரங்க நாடு. அதே காரணத்தால் தடத்தை விட்டு மேடுபள்ளமான புல்வெளிக்குள் நடக்காதீர்கள், மூடாத சுரங்கக் குழிகள் இருக்கலாம்.

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். உயரமான கரைகளில் தடுப்பே இல்லை. கிரோம்ஃபோர்டிலிருந்து பார்ஸ்லி ஹே போய்த் திரும்புவது சுமார் 46 கிலோமீட்டர். போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று. அந்த வரிசையே நல்லது. ஆனால் இறுதியில் களைத்த கைகளோடு சரிவுகளில் இறங்க வேண்டும். மிடில்டன் டாப்பில் நின்று பேடைப் பாருங்கள். இரு பிரேக்கையும் இடைவெளி விட்டு அழுத்தி, உடலைப் பின்னே தள்ளி இறங்குங்கள். கல் தளர்ந்து கிடக்கும் இடத்தில் முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் விழுவீர்கள். ஈரமானால், சந்தேகம் வந்தால் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஷீப் பாஸ்ச்சர் அடிவாரத்தில் கயிறு அறுந்து ஓடிய பெட்டிகளைப் பிடிக்கத் தோண்டிய குழி இன்றும் இருக்கிறது. உள்ளே உடைந்த பெட்டி ஒன்று கிடக்கிறது. அந்தச் சரிவு என்னவெல்லாம் செய்யும் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

மான்சல் சுரங்கங்கள்

மான்சலில் ஏற்றத்தைவிட இருளுக்குத்தான் ஆயத்தம் வேண்டும். 2011-இல் திறந்த நான்கு நீண்ட சுரங்கங்கள். ஹெட்ஸ்டோன் 487 மீட்டர், லிட்டன் 471. பகலில் விளக்குகள் எரியும், இருட்டியதும் அணையும். எனவே சொந்த விளக்கு எடுத்துச் செல்லுங்கள். வெயிலிலிருந்து உள்ளே போகும்போது கண் பழகச் சில நொடிகள் ஆகும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, நடை வேகத்துக்குக் குறையுங்கள். நாய்க் கயிறு குறுக்கே நீண்டிருக்கும். மேற்கே பிளாக்வெல் மில்லில் தடம் முடிந்ததும், ஆற்றோரம் சீ டேல் பக்கம் திரும்பாதீர்கள்: அது நடப்போருக்கான பாதை, நீரில் கால் வைத்துத் தாண்டும் கற்கள் இருக்கின்றன. நேராக வை டேல் வண்டி நிறுத்தம் வரை உள்ள பாதையைப் பிடியுங்கள்.

குதிரை எதிரே வந்தால் நின்றுவிடுங்கள். பின்னாலிருந்து முந்துவதானால் தூரத்திலேயே குரல் கொடுத்து, சவாரி செய்பவர் பதில் சொன்ன பிறகு அகலமாக விலகிப் போங்கள். மணி ஓசை சில குதிரைகளை மிரட்டும், மனிதக் குரல் மிரட்டாது. குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968 சட்டத்தால் வந்தது. நடப்போருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையும் அதே சட்டத்தில் இருக்கிறது.