மலத்தின் நிறத்தைப் பார்த்து அறிவது எப்படி? (கறுப்பு நிறத்தில் நான் ஏமாந்த இடத்தோடு)

குடியாத்தத்தில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு மலம் கறுப்பாகப் போகிறது என்று தெரிந்தபோது, அது அவர் சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையின் வேலைதான் என்று காட்பாடியில் இருந்தபடியே தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாயிற்று. அதன்பின் வீட்டில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: வெளிச்சம்

மஞ்சள் குண்டு பல்பின் கீழ் வெளிறிய மலமும் பழுப்பாகத் தெரியும் என்பதால், கழிப்பறையில் வெள்ளை எல்இடி விளக்கைப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் நீல வில்லை போடும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். நீலத்தில் கலந்த மஞ்சள் பச்சையாகத் தெரிந்து வீண் கலவரம் உண்டாக்கும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் மேல்நாட்டுக் கழிப்பறையைவிட நம் பழைய குந்தும் கழிப்பறையே மேல் என்பது என் கருத்து. கைப்பேசிச் செயலிகள் இரண்டைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். தேதி, நிறம், கெட்டியா இளக்கமா, முந்தைய இரண்டு நாள் உணவு, விழுங்கிய மாத்திரைகள் ஆகியவற்றைக் குறிக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

படி 2: சாப்பிட்டதை நினைவுகூருங்கள்

மலத்தின் பழுப்பு நிறம் இரத்தத்திலிருந்து வருவது. ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து அழியும் சிவப்பணுக்களிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்ப, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றிப் பழுப்பாக்குகின்றன. வயிற்றுப்போக்கின்போது மாறுவதற்கு நேரம் கிடைக்காமல் பச்சையாகவே வெளியேறுவதும் உண்டு. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் நிறையச் சாப்பிட்ட மறுநாள் பச்சை தெரிந்தாலும், பீட்ரூட் பொரியலுக்குப் பிறகு சிவப்பு தெரிந்தாலும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

படி 3: கறுப்பு

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ மாற்றுவது இயல்பு, அதில் தீங்கில்லை. ஆனால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்தால், அந்த இரத்தமும் அமிலத்திலும் குடலிலும் சிதைந்து கறுப்பாகவே வெளிவரும். இரண்டையும் நிறத்தால் பிரிக்க முடியாது. பிசுபிசுப்பாலும் நாற்றத்தாலும்தான் பிரிக்க வேண்டும். மாத்திரையால் கறுத்த மலம் வழக்கமான பதத்தில் இருக்கும், நாற்றமும் பெரிதாக மாறாது. இரத்தம் கலந்தது சாலை போடும் தார் போலப் பளபளப்பாக, ஒட்டும் தன்மையோடு, வீட்டையே நிறைக்கும் தனி வீச்சத்தோடு இருக்கும்.

இதை அம்மா முதல் வாரமே சொல்லியிருந்தார். "மூணு பக்கெட்டு தண்ணி ஊத்தினாலும் போவமாட்டுதுடா" என்று அலுத்துக்கொண்டதை, குழாயில் தண்ணீர் வேகம் குறைவு என்பதாக எடுத்துக்கொண்டு, பிளம்பருக்குச் சொல்லி அனுப்பிய அறிவாளி நான். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "கழுவும்போது ஒட்டுகிறதா?" என்பதுதான்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிய மாத்திரையை அம்மா மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தார். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. புண்ணிலிருந்து இரத்தம் கசிந்ததால் சோகை வந்தது. சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையின் பெயரைச் சொல்லி நான் கசிவைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். ஆகவே, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கறுத்தால், சோகை எதனால் வந்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கறுப்போடு தலைச்சுற்றல், வியர்வை, படபடப்பு, இரத்த வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் நோட்டை மூடிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது. காரமே புண்ணுக்குக் காரணம் என்று நம்பி வந்த எங்களுக்கு இது புதுச் செய்தி. இக்கிருமியைக் கண்டறிந்ததற்காக மார்ஷல், வாரன் என்ற இரு ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005ஆம் ஆண்டிலேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது.

படி 4: மற்ற நிறங்கள்

பளிச்சென்ற சிவப்பு இரத்தம் பெரும்பாலும் மூலத்தாலோ ஆசனவாய் வெடிப்பாலோ வருவது; இருப்பினும் பெருங்குடல் புற்றுநோயும் அவ்வாறே தொடங்கக்கூடும் என்பதால், "சூடு" என்று சொல்லி வெந்தயம் விழுங்கி நாளைக் கடத்த வேண்டாம். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் வெளிர்மஞ்சள் மலம், கொழுப்பு சரியாகச் செரிக்கவில்லை என்பதைக் காட்டும். 1960களின் தொடக்கத்தில் பழைய வட ஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் பரவி, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் விரிவாக ஆராய்ந்த ஸ்புரூ என்ற நோய் இந்த வகையைச் சேர்ந்ததே.

சுண்ணாம்பு அல்லது களிமண் போல வெளுத்த மலத்தோடு சிறுநீர் கெட்டிக் காபி டிகாஷன் நிறத்தில் போனால், பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள். நம் பக்கத்தில் கண் மஞ்சளானதும் கீழாநெல்லி அரைப்பார்கள். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தால் அது கீழாநெல்லிக்கு அசையாது. முதலில் ஸ்கேன் எடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ராணிப்பேட்டை வாசகி ஒருவர், நாற்பது நாள் குழந்தைக்கு மலம் வெளுத்திருப்பதாகவும், தாய்ப்பால் குடிப்பதால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும் எழுதியிருந்தார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கடுகு அரைத்த விழுது போன்ற மஞ்சள்தான் இயல்பு. வெளுப்பு, பிறவிப் பித்தக்குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான கசாய் அறுவை சிகிச்சை குழந்தை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் கூடுதல் என்பதால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் செல்ல வேண்டும். புகைப்படம் மட்டும் கொண்டுபோனால் நிறம் மாறித் தெரியக்கூடும். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், முடிந்தால் அழுக்கான அந்தத் துணியையே ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.