விலங்கு நல நிதிக்குக் குதிரைச் சவாரி: ஏற்பாட்டாளர்கள் சறுக்கும் இடங்கள்

தெருநாய்க் காப்பகத்துக்கோ, அடிபட்ட மாடுகளைப் பராமரிக்கும் அமைப்புக்கோ பணம் திரட்டக் குதிரைச் சவாரி நடத்தலாம் என்பது நல்ல யோசனைதான். கோளாறு திட்டமிடும்போது தொடங்குகிறது. பலருக்கும் கைவந்தது பைக் பேரணி: தேதி, வழி, பேனர், டி-ஷர்ட், கொடியசைக்க ஒரு வி.ஐ.பி. பைக்குக்குத் தாகம் எடுக்காது, பின்னால் நெருங்கி வரும் பைக்கை அது உதைக்கவும் உதைக்காது. அந்தப் பட்டியலை அப்படியே குதிரைக்கு மாட்டினால், விலங்குக்காக நடத்தும் நிகழ்ச்சியில் முதலில் அவதிப்படுவது விலங்குதான். இங்கே சொல்வது தமிழ்நாட்டுச் சூழலை வைத்து.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்பது

"நான் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 100 ரூபாய் தாருங்கள்" என்பது மாரத்தானுக்குப் பொருந்தும். இங்கே அது குதிரையை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிடச் சொல்லும் தூண்டுதல். பாதியில் நொண்டத் தொடங்கினாலும் இறங்க மனம் வராது. தூரத்தோடு முடிச்சுப் போடாமல் ஒரே தொகையாகக் கேளுங்கள். முதலில் வந்தவருக்குக் கோப்பை என்ற பேச்சே வேண்டாம். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முடிவில் நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரைக்குக் கொடுங்கள். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் அப்படியொரு பரிசு வழக்கத்தில் இருக்கிறது.

நுழைவுக் கட்டணத்தையே வருமானமாக நம்புவதும் கையைச் சுடும். குதிரைக்கான லாரி, மருத்துவர், லாடம், காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக அதில் மிஞ்சுவது சொற்பம். கட்டணம் செலவை ஈடுகட்டினால் போதும், காப்பகத்துக்கான பணம் நன்கொடையாக வரட்டும். அதை நேரடியாகக் காப்பகத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் எழவே எழாது. நன்கொடையாளருக்கான 80ஜி எனப்படும் வருமான வரிச்சலுகை அந்த அனுமதி பெற்ற அமைப்பின் ரசீதுக்குத்தான் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் அனுப்ப முன்வந்தால், எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத அமைப்பு அதைத் தொடக்கூடாது.

எந்தக் குதிரை, எவ்வளவு பாரம், எவ்வளவு தூரம்

பயிற்சிப் பள்ளிக் குதிரை தினமும் ஒரு மணி நேரம் மண் தரையில் வட்டமடித்துப் பழகியது. அதை ஒரே நாளில் 25 கிலோமீட்டர் கூட்டிப்போனால் தசை இறுகிப்போகும். முதல் நிகழ்ச்சிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் தாராளம். நடையும் கொஞ்சம் டிராட் எனும் மெல்லோட்டமுமாகப் போனால் இரண்டு மணி நேரத்தில் முடியும். அதற்கே ஆறு வாரம் முன்பிருந்து தூரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். வாடகைக் குதிரை என்றால் முந்தின இரவு அது எங்கே இருந்தது என்று விசாரியுங்கள். தை மாத முகூர்த்த நாளில் நள்ளிரவு வரை மாப்பிள்ளை ஊர்வலத்தில் நின்றுவிட்டு, விடிகாலையில் உங்கள் வாசலுக்கு வந்திருக்கலாம்.

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ, அதில் சேணமே 8 முதல் 10 கிலோ. பதிவுப் படிவத்திலேயே எடையைக் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் அந்தப் பாரம் குதிரையின் முதுகில்தான் இறங்கும்.

லாடத்தைச் சவாரிக்கு முந்தின நாள் மாற்றுவது இன்னொரு வழக்கமான தப்பு. ஆணி கொஞ்சம் உள்வாங்கி அடிக்கப்பட்டிருந்தால் வலி ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக அடித்துவிட வேண்டும். முள் கடிவாளம் போட்டு வரும் குதிரையைச் சேர்க்கவே வேண்டாம். சுமை, இழுவை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை போட்டிருக்கின்றன.

நம் ஊரில் காயடிக்காத ஆண் குதிரைகள் அதிகம். பருவத்தில் இருக்கும் பெட்டையை அதே அணியில் விட்டால் கட்டுப்படுத்த முடியாது. ஒரு அணிக்கு நாலு முதல் ஆறு குதிரை, முன்னால் ஒரு அனுபவசாலி, கடைசியில் ஒருவர். அணிகளுக்கு இடையே பத்து நிமிடம், குதிரைகளுக்கு இடையே குறைந்தது ஒரு குதிரை நீளம் விடுங்கள். உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது சவாரிக்காரர்களின் வழக்கம். அதற்கு என்ன அர்த்தம் என்று தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வெயிலும் தண்ணீரும்

அதே 1965 விதிகள், 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை விலங்குகளை வேலை வாங்கக்கூடாது என்கின்றன. கடலோரத்துக்கு அது போதாது, ஏனென்றால் அங்கே உயிரை வாங்குவது ஈரப்பதம். வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத சதவீதத்தை அதோடு கூட்டுங்கள். 130க்குள் இருந்தால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் வியர்வை சரியாக உலராது, உடம்பு எளிதில் குளிராது. 180ஐ நெருங்கினால் நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பதுதான் வழி. 92 டிகிரியும் 70 சதவீத ஈரமும் சேர்ந்தால் 162. மே மாதத்தில் தேதி குறிக்காமல் மார்கழி, தை பக்கம் போவதும், விடியலில் கிளம்பி எட்டரைக்குள் முடிப்பதும் இதற்காகத்தான்.

இந்தக் கணக்கையெல்லாம் கவிழ்ப்பது தொடக்க விழா. ஆறு மணிக்குச் சேணம் பூட்டியாகிவிடும், கொடியசைக்க வேண்டியவர் எட்டரைக்கு வருவார். வி.ஐ.பி. வரவில்லை என்றால் ஆறே காலுக்கு மூத்த குதிரைக்காரர் ஒருவர் கொடியசைக்கட்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். விழா வேண்டுமென்றால் பணம் ஒப்படைக்கும்போது குதிரை இல்லாத அரங்கில் வைத்துக்கொள்ளலாம். மேளம், வெடி, பலூன், தாழப் பறக்கும் டிரோன் எல்லாவற்றுக்கும் தடை. காற்றில் படபடக்கும் பேனர் ஒன்றே போதும், பத்து குதிரை மிரள.

ஓடி வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிற்றுவலி வரும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. தாகத்தோடு நிறுத்திவைப்பதுதான் ஆபத்து. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் தண்ணீர் வையுங்கள், குடிக்க விடுங்கள், கழுத்திலும் மார்பிலும் குளிர்ந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். கொள்ளு, தவிடு போன்ற தீவனத்தைக் கொடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் சேணம் பூட்டக்கூடாது.

எல்லாக் குதிரைக்கும் ஒரே தொட்டி வைப்பது வசதியாகத் தெரியும். கிளாண்டர்ஸ் என்ற நோய் தண்ணீர், தீவனம் வழியே பரவும், மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியான குதிரைக்கு இந்தியாவில் சிகிச்சை கிடையாது, கருணைக்கொலைதான். எனவே ஆளுக்கொரு வாளிபோல் குதிரைக்கொரு வாளி. பல லாயங்களிலிருந்து குதிரைகள் வருவதாக இருந்தால் ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். மாதிரியை உறுதிசெய்வது ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் என்பதால் ஒரு மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

கடற்கரை ஆசை

படம் அழகாக வரும் என்று பலரும் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு வசதியான தை மாதமும் அடங்கிய ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் காலமும். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், மேலே தடமே தெரியாமல் நூறு முட்டை கிடக்கும். அதன்மேல் 400 கிலோ குதிரைகள் ஓடினால் என்ன ஆகும்? 1988 முதல் இரவு நடை போய் இந்த முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர் அமைப்பு சென்னையிலேயே இருக்கிறது. விலங்கு நலச் சவாரி அவர்கள் வேலையில் மண் போட்டால் நன்றாகவா இருக்கும். தளர்ந்த மணல் குதிரையின் கால் தசைநாண்களுக்கும் கெடுதல். தோப்புப் பாதை, ஏரிக்கரை, வண்டிப் பாதை போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். சாலையைக் கடக்கும் இடங்களுக்குக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ஆள் கேளுங்கள்.

வழியைப் பைக்கில் போய்ப் பார்ப்பது பார்த்ததாகாது. குதிரையின் மேல் உட்கார்ந்தால்தான் தாழ்ந்த மின்கம்பியும், தலையில் இடிக்கும் கிளையும், முள்வேலியும், துரத்தும் நாய்களும் தெரியும். இரண்டு நாள் முன்னதாகப் போய்ப் பாருங்கள், ஒரு மழை போதும் பாதை மாறிவிட.

ஆட்கள்

பைக் ஹெல்மெட் கனமானது, பக்கப் பார்வையையும் மறைக்கும். சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் இல்லாதவரை ஏற்றாதீர்கள். ஸ்போர்ட்ஸ் ஷூ, கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். சிறு குதிகால் வைத்த காலணி கட்டாயம். 108 வண்டி வழியில் எந்த இடம் வரை வர முடியும் என்று குறித்துவையுங்கள். 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணும் கையில் இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவர் இடத்திலேயே இருக்க வேண்டும். "இந்தக் குதிரை போகாது" என்று அவர் சொன்னால், பணம் கட்டியவர் எவ்வளவு பெரியவரானாலும் அதுவே முடிவு. கிளம்பும் முன் முப்பது மீட்டர் ஓடவிட்டு நொண்டுகிறதா, வயிற்றுப்பட்டை இருக்கும் இடத்தில் புண் இருக்கிறதா என்று பார்ப்பார்.

முடிந்ததும் செல்ஃபிக்காகச் சேணத்தோடு நிறுத்தாதீர்கள். பட்டையைத் தளர்த்தி, பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். இருபது நிமிடத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டாமல் லாரியில் ஏற்றக்கூடாது. முதலில் தண்ணீரும் புல்லும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் தீவனம். மறுநாள் காலை ஒவ்வொரு லாயத்துக்கும் போன் செய்து மூன்றைக் கேளுங்கள்: சாணம் போட்டதா, தீவனத்தை முழுக்கத் தின்றதா, நடக்கும்போது எந்தக் காலையாவது தாங்கித் தாங்கி வைக்கிறதா.