வேல்ஸ் நாட்டுப்புற இசைக்கு உதவ வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன டிசம்பரில் ஓர் இளைஞர் ஒரு திட்டத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய ஊர்ச் சாப்பலில் கிறிஸ்துமஸ் காலத்தில் கரோல் பாடக் கூடும் பிளகைனுக்கு மைக், அறிவிப்பாளர், அச்சடித்த நிகழ்ச்சி நிரல். நல்ல மனசு, நல்ல உழைப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் போட்ட திட்டமும் அச்சு அசலாக இதுவேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

போனை அணைத்து வையுங்கள், ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆண்கள் பாடகர் குழுதான் வேல்ஸ் இசை என்று நினைப்பது

அந்தப் பெரிய குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் சாப்பல்களையும் சுரங்க ஊர்களையும் ஒட்டி வளர்ந்தவை. அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஹார்ப், பிடில், வில்லால் வாசிக்கும் பழைய நரம்பு வாத்தியமான க்ரூத், தெற்கு வேல்ஸின் கிளமோர்கன் உழவர்கள் எருதோட்டும்போது பாடிய பாட்டு ஆகியவை வேறு கிளை. 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ எழுச்சி பிடிலையும் ஆட்டத்தையும் பாவம் என்று ஒதுக்கியதில் அடிபட்டது இந்தக் கிளைதான். எதற்கு உதவுகிறோம் என்று தெரிந்து உதவுங்கள்.

பிளகைனை மேடை நிகழ்ச்சி ஆக்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும்.

பிளகைன் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் விடிகாலை இருட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது. இப்போது பெரும்பாலும் மாலையில், ஜனவரி பாதிவரை ஊர் ஊராக நடக்கிறது. நடு வேல்ஸின் மான்ட்கோமெரிஷயர் பக்கம்தான் இதற்கு வேர். குருவானவர் சின்ன ஆராதனையை முடித்து, ‘பிளகைன் திறந்திருக்கிறது’ என்பார். அவ்வளவுதான் அறிவிப்பு. அப்புறம் அமைதி. எங்கோ ஒரு பெஞ்சு கிரீச்சிடும். மூன்று பேர் எழுந்து முன்னால் போய்த் தோளோடு தோள் உரச நிற்பார்கள். ஒருவர் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதருகே வைத்து, மெல்ல முனகிச் சுருதி கொடுப்பார். பக்கவாத்தியம் கிடையாது. ஏதேன் தோட்டத்தில் தொடங்கிச் சிலுவைவரை போகும் நீளமான கரோலை வேல்ஸின் மொழியான வெல்ஷில் பாடி முடித்து, வந்த வழியே திரும்பி உட்காருவார்கள். கைதட்டல் இல்லை. மறுபடி அமைதி, அடுத்த குழு. எல்லோரும் ஒரு சுற்று முடித்ததும் அதே வரிசையில் இரண்டாம் சுற்று. கடைசியில் பாடிய ஆண்கள் எல்லோரும் முன்னால் கூடி ‘இராச்சாப்பாட்டுக் கரோல்’ பாடுவார்கள்.

ஒரு சாப்பலில் இதை ‘ஒழுங்குபடுத்த’ முன்வந்தேன். புதிதாக வருகிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் போன் போட்டு என்ன பாடப்போகிறீர்கள் என்று கேட்டேன். வரிசை எழுதி அச்சடித்தேன். ஒவ்வொரு குழுவையும் இரண்டு மொழியிலும் அறிவித்து, கைதட்டவும் சொன்னேன். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். நான் பூரித்துப்போய் நின்றேன்.

நடந்த சேதம் பிறகுதான் புரிந்தது. ஒரே இரவில் ஒரு கரோலை இருமுறை பாடக் கூடாது என்பது பிளகைன் வழக்கம். வரிசை முன்கூட்டித் தெரியாததால், முன்னால் போனவர்கள் நம் பாட்டைப் பாடிவிட்டால் வேறொன்று கையில் இருக்க வேண்டும். அதனாலேயே ஒவ்வொரு குடும்பமும் நான்கைந்து கரோல்களைத் தயாராக வைத்திருக்கும். அடுத்தவர் பாடுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். நான் பட்டியல் போட்டதும் அந்தத் தேவை போயிற்று. ஆளுக்கு இரண்டு கரோல் பழகினால் போதும் என்றாகிவிட்டது. மற்றவை நோட்டிலேயே தங்கின. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, ‘பாடலாமா?’ என்று பேத்தியிடம் கேட்டு எழுந்துவரும் தாத்தாவுக்கும் வழி அடைபட்டது. அவர் பெயர்தான் பட்டியலில் இல்லையே!

வருஷம் தவறாமல் பாடிய ஓர் அம்மா வாசலில் என் கையைப் பிடித்து, “நாங்கள் நிகழ்ச்சி கொடுக்க வருவதில்லை” என்றார். கோபமே இல்லாத குரல். அடுத்த வருஷம் அவர் குடும்பமும் இன்னொரு குடும்பமும் வரவில்லை. பட்டியலைத் தூக்கி எறிந்தபின்னும் திரும்பி வரவில்லை.

கூட்டத்தை எண்ணாதீர்கள். எழுந்துவந்து பாடுகிறவர்களை எண்ணுங்கள்.

ஐரிஷ் மெட்டோடு வருவது

மேசையைச் சுற்றிக் கூடி வாசிக்கும் இடங்களுக்கு, முதலில் நான்கு வெல்ஷ் மெட்டு கற்றுக்கொண்டு வாருங்கள்.

சொல்லை விட்டு மெட்டை மட்டும் எடுப்பது

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம். அப்படி ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் வெல்ஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாம் போய் உட்கார்ந்ததும் மரியாதைக்காக எட்டுப் பேரும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். மாற வேண்டாம் என்று சொல்லும் அளவுக்காவது மொழி படியுங்கள். பாட்டு அந்தப் பேச்சிலிருந்துதான் வருகிறது.

ஹார்ப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவது

வேல்ஸின் மூவரிசை ஹார்ப்பில் வெளி நரம்பு வரிசைகள் இரண்டும் ஒரே சுரங்கள். பியானோவின் கறுப்புக் கட்டைச் சுரங்கள் நடு வரிசையில். வெளி நரம்புகளுக்கு நடுவே விரலை நுழைத்துத்தான் அதைத் தொட முடியும். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து காட்டாமல் இது கைக்கு வராது. இந்த வாத்தியம் அருகிப்போன காலத்தில் அதைக் கைவிடாமல் வாசித்தவர் நான்சி ரிச்சர்ட்ஸ் (1888–1979). அவரிடம் நேரில் கற்றவர்கள் வழியாகத்தான் அந்த வாசிப்பு நம் காலம்வரை வந்திருக்கிறது. கையில் இருக்கும் பணத்தில் பாதியையாவது ஆசிரியரின் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் ஒதுக்குங்கள்.

பதிவு செய்தாயிற்று, போதும் என்பது

கார்டிஃப் பக்கத்திலுள்ள செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் நாட்டுப்புறப் பாட்டுப் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பாடக் கற்றுக்கொண்ட பிறகு மைக்கை எடுங்கள்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்புவது

பிளகைன் முடிந்ததும் பக்கத்து அறையில் சாப்பாடு உண்டு. புதியவர்கள் கூச்சப்பட்டு நழுவிவிடுகிறார்கள். யார் குரல் இறங்கிவிட்டது, எந்தக் குழுவுக்கு ஆள் வேண்டும் என்ற பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். என் முதல் கரோல் எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு மேசையில்தான். எதிரே இருந்தவர் டீக்கறை படிந்த கையெழுத்து நோட்டைத் தள்ளி வைத்து, அடுத்த டிசம்பருக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.