ஏறாமல் அடம்பிடிக்கும் கார் கண்ணாடி: வீட்டிலேயே சரிசெய்யலாம்

ஹேண்டிலைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும்: ஒரு கை ஹேண்டிலைச் சுற்றும், இன்னொரு கை கண்ணாடியைப் பிடித்து மேலே தூக்கிவிடும். நானும் ஒரு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். பட்டறையில் காட்டியதற்கு, "மெஷின் போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். கதவுக்குள் இருந்து கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பைத்தான் மெஷின் என்கிறார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கதவைப் பிரித்துப் பார்த்தேன். மெஷினுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கண்ணாடி ஓடுகிற ரப்பர் பீடிங்குக்குள் பல வருடத்து மண் இறுகிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் எதையும் வாங்கும் முன் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வழி முழுக்க இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் பீடிங்கில் அழுக்கு. ஹேண்டில் மட்டும் வழுக்கிச் சுற்றினால் அதன் உள்பற்கள் தேய்ந்திருக்கும். ஹேண்டிலை மாற்றினாலே போதும். பற்கள் நன்றாக இருந்தும் கண்ணாடி நகரவில்லை, உள்ளே கடகட என்று சத்தம் வருகிறது என்றால்தான் மெஷின்மேல் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடி தொப்பென்று உள்ளே விழுந்துவிட்டதா? அடியில் அதைத் தாங்கும் இரும்புப் பட்டையிலிருந்து கழன்றிருக்கும்.

சரி, பிரிக்கலாம். முதல் முறை செய்பவர்கள் திணறும் இடம் ஹேண்டில்தான், ஏனென்றால் வெளியே ஸ்க்ரூ எதுவும் தெரியாது. பல கார்களில் ஹேண்டிலுக்கும் கதவின் உள்தட்டுக்கும் நடுவே, குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தட்டு கிழியும். அதற்குப் பதில் ஒரு பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து, ஹேண்டிலின் பின்னால் நுழைத்து, இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் மாறி மாறி இழுங்கள். துணி கிளிப்பில் மாட்டி அதை வெளியே இழுத்துவிடும். கிளிப் தெறித்து ஓடும், ஆகவே மற்ற கதவுகளை மூடிவிட்டு, கீழே ஒரு துண்டை விரித்து வையுங்கள். என்னுடையது சீட்டுக்கு அடியில் போய் அரை மணி நேரம் தேட வைத்தது. பிரிக்கும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஹேண்டில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைதாங்கியின் ஸ்க்ரூக்கள், உள்பக்கக் கதவுப் பிடியின் ஸ்க்ரூ. பிறகு உள்தட்டின் ஓரத்தில் விரலை விட்டு, ஒவ்வொரு பிளாஸ்டிக் கிளிப்பாக, கிளிப்புக்குப் பக்கத்திலேயே பிடித்து இழுங்கள். ஓரிரண்டு உடையத்தான் செய்யும். முன்கூட்டியே நாலைந்து வாங்கி வைத்தால் நல்லது. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரியுங்கள். மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான்.

இப்போது ஹேண்டிலைக் கிளிப் இல்லாமல் சும்மா மாட்டிச் சுற்றி, கண்ணாடியை இறக்கிவிட்டு பீடிங்கைச் சுத்தம் செய்யலாம். ஒரு ஸ்கேலில் துணியைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, பள்ளம் முழுக்கத் தேயுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை விடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ரப்பர் கெடும், தூசியும் வந்து ஒட்டும். மெஷினின் பற்களுக்கும் உருளைகளுக்கும் மட்டும் கிரீஸ் வையுங்கள்.

மெஷினையே கழற்ற வேண்டியிருந்தால், முதலில் கண்ணாடியைக் கையால் மேலே தூக்கி, அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்துங்கள். அதன் பிறகே போல்ட்டில் கை வையுங்கள். கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் ஓர் அடி பட்டாலே மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். சில மெஷின்களில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம், கையைக் கிழித்துவிடும். கதவுத் தகட்டின் விளிம்பும் கத்தி மாதிரிதான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூடும் முன் அதேபோல் ஹேண்டிலை மாட்டி ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை முழுக்க ஏற்றி நிறுத்துங்கள். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டு மண்ணைத் தள்ளிவிடுங்கள். அவை அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, கதவு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தட்டை மாட்டி, ஹேண்டிலுக்கு வாருங்கள். கிளிப்பை முதலில் ஹேண்டிலில் செருகிவிட்டு, போட்டோவில் இருந்த கோணத்தில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் 'டக்' என்று உட்காரும்.

கடைசியாக, கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிப்பக்கம் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கதவின் அடி ஓட்டை வழியாக வெளியே சொட்ட வேண்டும். காருக்குள் கால்மிதி நனைந்தால், பிளாஸ்டிக் தாள் எங்கோ சரியாக ஒட்டவில்லை. தட்டை மறுபடி கழற்றத்தான் வேண்டும்.