அப்பாவுக்கு ஒரு பழைய டியூடர்: பயன்படுத்திய கைக்கடிகாரத்தைப் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா பணி ஓய்வு பெற்றபோது, தம்பியும் நானும் சேர்ந்து அவருக்கு ஒரு நல்ல சுவிஸ் கைக்கடிகாரம் வாங்கித் தருவதென்று முடிவு செய்தோம். கையில் இருந்தது எட்டாயிரம் வெள்ளி. அந்தத் தொகைக்குக் கடையில் புதிதாக அவர் மனத்துக்குப் பிடித்த எதுவும் கிடைக்காது என்பதால் பழையதைத் தேடத் தொடங்கினேன். இதற்கு முன் எனக்கென்று வாங்கிய ஒன்றில் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டிருந்தேன். அந்த அனுபவமும் கீழே வருகிறது.

இயந்திரம் முதலில், பெயர் பிறகு

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் முகப்பில் உள்ள பெயரைப் பார்த்துவிட்டுத்தான் விலையைக் கேட்கிறார்கள். பரிசு இருபது ஆண்டுகள் ஓட வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே இருக்கும் இயந்திரத்தை நம் ஊருக்கு அருகில் யாரால் பிரித்துப் பூட்ட முடியும், உதிரிபாகம் கிடைக்குமா என்பதே. டியூடர் என்ற சுவிஸ் கடிகார நிறுவனம் தன் சொந்த இயந்திரத்தை 2015-இல்தான் வெளியிட்டது. 1990களில் வந்த 34 மில்லிமீட்டர் பிரின்ஸ் ஆய்ஸ்டர்டேட் வகைகளில் இருப்பது ஈடிஏ என்ற வேறொரு சுவிஸ் நிறுவனத்தின் 2824-2 என்ற இயந்திரம். மணிக்கு 28,800 முறை துடிப்பது, உலகமெங்கும் எண்ணற்ற கடிகாரங்களில் இடம்பெற்றது. ஈப்போவில் எனக்குத் தெரிந்த பழுது பார்ப்பவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடுவார். ஆகவே என் தேர்வு அதுவானது. அதே விலைக்கு அரிய இயந்திரம் உள்ள, பெரிய பெயர் கொண்ட ஒன்றை யாராவது காட்டினால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

மணிக்கட்டின் அளவு

பழைய கடிகாரங்களின் உலோகச் செயினை முன்னர் அணிந்தவர் தம் கைக்கேற்பக் குறைத்திருப்பார்; கழற்றிய கண்ணிகள் பெரும்பாலும் தொலைந்திருக்கும், தனியாக வாங்கப் போனால் விலை கடுமையாக இருக்கும். அப்பாவுக்குத் தெரியாமல் அளவெடுக்க வேண்டியிருந்ததால், அவர் மதியம் கண்ணயர்ந்திருந்த வேளையில் அம்மா மல்லிகை தொடுக்கும் நூலை அவர் மணிக்கட்டில் சுற்றி முடிச்சிட்டுக் கொடுத்தார். பதினெட்டரை சென்டிமீட்டர். அந்த நூலைப் பணப்பையில் வைத்துக்கொண்டுதான் கடை கடையாக ஏறி இறங்கினேன். பிடித்திருந்த இரண்டு கடிகாரங்களை அந்த நூலே தள்ளிவிட்டது.

எங்கே வாங்குவது

அடகுக் கடைகளில் மீட்கப்படாத கடிகாரங்கள் விற்பனைக்கு வருவதுண்டு. பழைய கடிகாரங்களுக்கென்றே தனிக் கடைகளும் உள்ளன. விலை சற்றுக் கூடுதலானாலும் ரசீது தரும் கடையே என் விருப்பம். வணிகரோடு சிக்கல் வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே முன்வைக்கலாம். பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துக் கைமாற்றும் தனியாரிடம் அந்த வழி இல்லை.

கண்ணால் பார்ப்பவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். செயின் மாட்டும் நான்கு கால்களும் ஒரே தடிமனாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். சோப்புக் கட்டி கரைந்ததுபோல் உருண்டிருந்தால் மெருகேற்றி மெருகேற்றியே உலோகத்தைத் தேய்த்துவிட்டார்கள் என்று பொருள்.

அடுத்து, முகப்பின் அடியில் 'சுவிஸ்' என்ற எழுத்தின் இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 1990களின் பிற்பகுதி வரை முள்களில் ஒளிரும் பூச்சுக்கு டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் பயன்பட்டதன் அடையாளம் அது. டிரிடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 12.3 ஆண்டுகளே ஆதலால், 1992-ஆம் ஆண்டுக் கடிகாரம் இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் முகப்போ முள்களோ பின்னாளில் மாற்றப்பட்டவை. மாற்றியது குற்றமல்ல, அதைச் சொல்லாமல் முழு விலை கேட்பதுதான் தவறு. நொடிமுள் வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் என்ற பழைய அறிவுரையை மட்டும் மறந்துவிடுங்கள். போலிகளும் இன்று நொடிக்கு எட்டு முறை துடிக்கின்றன.

நான் இடறிய படி

இயந்திரத்தின் உடல்நிலையைக் காட்டும் கருவிக்கு டைம்கிராஃபர் என்று பெயர். முன்பு நான் வாங்கிய கடிகாரத்தை விற்றவர் அக்கருவியைக் கையோடு கொண்டுவந்து, முகப்பு மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக் காட்டினார்: நாளுக்கு நான்கு நொடி கூடுதல், வீச்சு (உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் சக்கரம் ஒரு பக்கம் திரும்பும் அளவு) 285 பாகை. மகிழ்ச்சியோடு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் அது நாளுக்கு நாற்பது நொடி பிந்தியது. ஈப்போக்காரர் அதை வாங்கி, சாவிக் குமிழ் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தார். வீச்சு 190-க்கு இறங்கியது.

காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். கடிகாரம் படுத்திருக்கும்போது பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு தன் நுனியில் மட்டும் நின்று பம்பரம்போல் சுழல்கிறது, உராய்வு மிகக் குறைவு. நிமிர்த்தி வைத்தவுடன் அச்சின் இரு முனைகளும் பக்கவாட்டில் கல்லின்மேல் உரசுகின்றன. எண்ணெய் வறண்டிருந்தாலோ அச்சு தேய்ந்திருந்தாலோ அப்போதுதான் தெரியும். வீச்சு முப்பது நாற்பது பாகை குறைவது இயல்பு, நூறு குறைவது நோய். அதைச் சரிசெய்ய எனக்குத் தொள்ளாயிரம் வெள்ளி செலவானது.

ஆகவே, சாவிக் குமிழை முப்பது நாற்பது முறை சுற்றி முழுச் சாவி கொடுத்த பிறகு, முகப்பு மேலே, முகப்பு கீழே, குமிழ் கீழே என்று குறைந்தது மூன்று நிலைகளில், ஒவ்வொன்றிலும் அரை நிமிடமாவது காத்திருந்து அளவிடச் சொல்லுங்கள். படுத்த நிலையில் 270 முதல் 310 வரையும், நின்ற நிலையில் 230-க்குக் குறையாமலும் இருந்தால் நான் வாங்குவேன். கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. நம் கடைகளில் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியின் சத்தத்தையே அவை கடிகாரத் துடிப்பாக எண்ணிவிடுகின்றன. வெய்ஷி 1000 போன்ற எளிய கருவியே மேல்.

ஈரம்

கையில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றிய கடிகாரத்தின் கண்ணாடிமேல் ஒரு துளி குளிர்ந்த நீரை விடுங்கள். நான் தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) கிளாஸில் விரலை நனைத்துத்தான் விட்டேன். துளியைத் துடைத்த இடத்தில் உட்புறம் பனி படர்ந்திருந்தால் ஈரம் புகுந்துவிட்டது, வேண்டாம். படராவிட்டாலும் அழுத்தச் சோதனை செய்து ரப்பர் வளையத்தை மாற்றும்வரை தண்ணீரில் நனைக்கக் கூடாது.

அப்பாவுக்கான டியூடரை வாங்கியது 6,900 வெள்ளிக்கு. முழுப் பராமரிப்புக்கு 450. அந்த ரசீதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தோம், அடுத்துத் திறப்பவருக்கு அது உதவும்.

பின்னர்ச் சேர்த்தது

சாவிக் குமிழில் ரோலெக்ஸின் கிரீடம் இருக்கிறதே, போலியா என்று இதைப் படித்த மூவர் கேட்டுவிட்டார்கள். இல்லை. டியூடரைத் தொடங்கியவர் ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப். 1990கள் வரை அதன் பல கடிகாரங்களில் ரோலெக்ஸின் உலோக உறையும் குமிழுமே பயன்பட்டன. பின்மூடியிலும் ரோலெக்ஸின் பெயரைப் பொறித்திருப்பார்கள்; பரிசு வாசகம் எழுதுகிறேன் என்று அந்த எழுத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

கோஆக்சியல் என்ற தனிவகை இயந்திர அமைப்புள்ள ஒமேகா கடிகாரம் ஒன்றில் டைம்கிராஃபர் வீச்சு 340 காட்டியதாக ஒருவர் எழுதியிருந்தார். வீச்சைக் கணக்கிடக் கருவியில் முன்கூட்டியே இயந்திரத்துக்கேற்ப அமைக்க வேண்டிய லிஃப்ட் ஆங்கிள் என்ற அளவு வழக்கமான 52-இலேயே இருந்திருக்கும். அவ்வகைக்கு அது 38 பாகை அளவில் இருக்க வேண்டும். திருத்தினால் உண்மை வீச்சு 250-ஐ ஒட்டித்தான் வரும். ஈடிஏ 2824-2-க்கு 50 வையுங்கள்.

தேதியைப் பற்றியும் கேட்டார்கள். இரவு ஒன்பது முதல் அதிகாலை மூன்று வரை குமிழைத் திருகித் தேதி மாற்றக் கூடாது. அந்நேரம் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பற்கள் பொருந்தியிருப்பதால் உடைந்துவிடக்கூடும். அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. பெரட்டுக்கு (தோட்டத்தில் அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போன பழக்கத்தில் இன்றும் நாலரை மணிக்கு எழுபவர், முப்பது நாள் மாதம் முடிந்த மறுநாள் காலையில், காப்பி ஆறுவதற்குள் தேதியைச் சரிசெய்துவிடுகிறார்.