சேமித்த இணையப் பக்கத்தில் படங்கள் காணவில்லையா?

பழைய சிடியிலிருந்தோ தம்ப்டிரைவிலிருந்தோ திறக்கும் பக்கத்தில் படமெல்லாம் வெற்றுக் கட்டமாக நின்றால், அதை அழித்துவிடாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து, அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல் (.html) கோப்பை நோட்பேடில் திறங்கள். படத்துக்கான "எஸ்ஆர்சி" (src) என்பதை அடுத்த மேற்கோள் குறிக்கும் முதல் சாய்கோட்டுக்கும் (/) நடுவே இருப்பதுதான் படக் கோப்புறையின் பழைய பெயர்; தொடக்கத்தில் "./" இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த சாய்கோடு வரை பாருங்கள். அதை அப்படியே நகலெடுத்து, கன்ட்ரோல்-எச் அழுத்தி, தேடும் பெட்டியில் ஒட்டி, மாற்றும் பெட்டியில் கோப்புறைக்கு இப்போதுள்ள சுருங்கிய பெயரை இட்டு "எல்லாவற்றையும் மாற்று" கொடுத்துச் சேமியுங்கள். கோப்பும் கோப்புறையும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

பழைய சிடி முறையில் பெயருக்கு 8 எழுத்தும் பின்னொட்டுக்கு 3 எழுத்தும்தான். நீளமான பெயர்களுக்காகப் பின்னர் வந்த ஜோலியட் என்ற சிடி முறையிலும் 64 எழுத்துதான். "தேக்கா தீபாவளி ஒளியூட்டு" என்று நீளமாகச் சேமித்த கோப்புறையின் பெயர் 8 எழுத்து முறையில் வெட்டுப்படும், பக்கத்துக்குள் இருக்கும் இணைப்போ பழைய பெயரையே தேடும். தமிழ்ப் பெயர் அங்கே விழுக்காட்டுக் குறி (%) கலந்த எழுத்துகளாகத் தெரியலாம். "த" என்ற ஒரே எழுத்து இப்படி 9 எழுத்துக்குறிகளின் இடம் பிடிக்கும். பயப்படாமல் முழுவதையும் நகலெடுங்கள்.

கோப்புறைக்குள் இருக்கும் படங்களின் பெயர்களும் வெட்டுப்பட்டிருந்தால் இது போதாது, ஒவ்வொன்றாகத்தான் மாற்றவேண்டும். கோப்புறையே நகலாகாமல் விடுபட்டிருந்தால் இதனால் பயனில்லை.