"உண்மையைத்தானே சொன்னேன்?": அவதூறு வழக்கிலும் கொடி விவகாரத்திலும் நாம் செய்யும் தவறுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: "லிஃப்ட் பணத்தில் பொருளாளர் கை வைத்துவிட்டார்." பொருளாளர் கேஸ் போடுவேன் என்று கொதித்ததும் வருகிற பதில், "உண்மையைத்தானே சொன்னேன்?"

முதல் தவறு இதுதான். சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பித்துவிடலாம். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். இ.பி.கோ. 499, 500 பிரிவுகள் போய், 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வந்த பிறகும் இது மாறவில்லை. தண்டனை 2 ஆண்டு வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை என்பது புதுச் சேர்க்கை.

"பெயரே போடலையே" என்பதும் உதவாது. யாரைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குப் புரிந்தாலே போதும். கிண்டலாகச் சொன்னாலும் அவதூறு ஆகலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. "நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்" என்பவர்களுக்கு ஒரு செய்தி: அவதூறான பதிவை ரீட்வீட் செய்வதும் அவதூறாகலாம் என்று 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, பொருளாளர் பக்கம் வருவோம். அவர் நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடுவார். வீண் அலைச்சல். இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், அதுவும் 3 ஆண்டுக்குள். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் எதிராளியை 'உள்ளே தள்ளிவிடலாம்' என்ற கனவையும் விட்டுவிடலாம்.

தேசியக் கொடி விஷயத்தில் தவறு வேறு மாதிரி. கண்ணில் பட்டதெல்லாம் தேச அவமதிப்பு என்று கிளம்புகிறார்கள். 2013 கிறிஸ்துமஸுக்குக் கோவையில் மூவர்ணத்தில், அசோகச் சக்கரத்தோடு இந்திய வரைபடக் கேக் ஒன்றை வெட்டினார்கள். அது வழக்காகி, அவமதிக்கும் நோக்கம் இல்லை என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் முடித்துவைத்தது. ஒரு கேக்குக்கு ஏழு வருஷம்! 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு என்பதால் நோக்கத்தைப் பார்க்காமல் யாரையும் மாட்டிவிடக் கூடாது.

தேசிய கீதத்துக்கும் அப்படித்தான். பாடுவதைத் தடுப்பதும், பாடும் கூட்டத்தில் இடையூறு செய்வதும்தான் குற்றம். மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அப்புறம், கிழிந்த கொடி. எரித்தால் ஜெயில் என்று பயந்து பலர் குப்பையில் போடுகிறார்கள். பொது இடத்திலோ, பொதுமக்கள் பார்வை படும் வேறு இடத்திலோ எரிப்பதுதான் குற்றம். பழுதான கொடியைத் தனிமையில், மரியாதையோடு, முழுசாக எரித்துவிடுங்கள் என்று கொடி விதிகளே சொல்கின்றன.